பிலோமி டாக்டர் பிடித்த கயிறு

பிலோமி டாக்டர் மணப்பாட்டில் காலமானார் என்று போன் வந்தபோது ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். நோயாளியைக் காக்க வைப்பது அவருக்குப் பிடிக்காது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் வாய் தெரியும். வெட்டியெடுத்த உறுப்புகளைச் சோதிக்கும் மைக்ராஸ்கோப் அறையை விட்டு வெளியே வரமாட்டார். வந்தால் எங்களில் யாராவது வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

புதுத் துறைமுகம் எழும்பிய நாட்களில், பாரம் விழுந்து ஈரல் கிழிந்த ஒரு தொழிலாளிக்கு நான் ஆபரேஷன் செய்தேன். ஈரலுக்கு வரும் ரத்தத்தைக் கிளாம்ப் போட்டு நிறுத்தி, கிழிந்த பகுதியை ஒரே மூச்சில் வெட்டி எடுத்தேன். அதில் பெருமை வேறு. மூன்றாம் நாள் அவர் கண் மஞ்சளித்தது. ஆறாம் நாள் இறந்தார். சாவுக்குக் காரணம், மிஞ்சிய ஈரல் போதவில்லை என்று எழுதிவிட்டேன்.

பிலோமி டாக்டர் இறந்தவரின் ஈரல் துணுக்கைக் காட்ட, என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். ஈரல் செல்கள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. அவற்றுக்கிடையே ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்கள்தான் வீங்கி உரிந்து, வழியை அடைத்துக் கிடந்தன.

"எல்லாரும் ஈரலையே பாக்குதிய. ரத்தம் வார வழி அடைச்சா அது எப்படிப் பிழைக்கும்? ரொம்ப நேரம் ரத்தம் நின்னா குழாய்ச் சுவர் வீங்கிருது. கிளாம்பை இடையிடையே எடுத்துவிடணும். இது என் ஊகந்தான். ஆனா நீங்க எழுதினது தப்பு."

இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. எனக்குக் கோபம் என்மேல்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

அடுத்து, ஈரலில் கட்டியோடு அந்தோணி என்ற, கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர் வந்தார். இரண்டு கைக்குழந்தைகளோடு அவர் மனைவி வெளியே நின்றாள். நானே பிலோமி டாக்டரைத் தேடிப் போனேன்.

"சங்கு குளிக்கப் போறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பான். தங்கச்சி தாலிய நினைச்சு, நேரம் தப்பாம மேல இழுத்திருவான். உங்களுக்கு நான் பிடிக்கேன்" என்றார்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் கடிகாரத்தோடு நின்றார். அவர் சொன்னபோதெல்லாம் கிளாம்பை எடுத்தேன். ஒருமுறை, இரண்டே தையல்தான் பாக்கி, பொறுங்கள் என்றேன். "எடுங்கன்னு சொன்னேன்" என்றார், நர்ஸுகள் முன்னால். எடுத்தேன். பெருகிய ரத்தத்தை அழுத்திப் பிடித்தபடி காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அந்தோணியின் இமையை விலக்கிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. பிலோமி டாக்டர்தான் பார்த்தார். கண் வெள்ளையாகவே இருந்தது. பத்தாம் நாள் அந்தோணி மீன்குழம்பு கேட்டுச் சண்டை போட்டார். ஒரு ஆள் பிழைத்ததற்கெல்லாம் முரசு அறைய வேண்டாம், அடுத்த ஆளைப் பார்ப்போம் என்றார் டாக்டர். அடுத்தடுத்து வந்தவர்களிலும் பலர் பிழைத்தார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: என் ஆபரேஷன் மேஜையருகே எப்போதும் ஒருவர் கடிகாரத்தோடு நிற்பார், பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். அவள் 'எடுங்க' என்றால் எடுத்துவிடுவேன். சொல்லத் தயங்கினால்தான் எனக்குக் கோபம் வரும்.