வாசலில் ஒரு வாங்க

குல்ஷனுக்கு ஊரில் பாதிப் பேரைத் தெரியும். ஆனால் யாருடைய முகமும் தெரியாது. நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய அவர்களுடைய மலேசியச் சாப்பாட்டுக் கடையில் அடுப்பு அவளுடையது, வாசல் அவள் கணவர் ஹாஜா மொய்தீனுடையது. சமையலறைச் சுவரில் ஒரு சின்னச் சன்னல் உண்டு. அதன் வழியாக நிறைந்த கிண்ணம் வெளியே போகும், காலிக் கிண்ணம் உள்ளே வரும். குனிந்து பார்த்தால்தான் மறுபக்கத்து முகம் தெரியும். பசித்து வந்தவர் எதற்குக் குனியப்போகிறார்? குரல்கள் மட்டும் தாராளமாக உள்ளே வரும்.

பரிமாறுவது, பினாங்கில் வேலை பார்த்த காலத்தில் அவர்கள் இருவரும் கற்றுக்கொண்டு வந்த முறைப்படி. சோறு அவரவர் தட்டில். தேங்காய்ப்பாலில் சுண்டவைத்த ரெண்டாங் கறி, மீன் குழம்பு, கீரை, சம்பல் எல்லாம் பெரிய கிண்ணங்களில் மேசை நடுவில். முன்பின் தெரியாதவர்கள் ஒரே நீள பெஞ்சில் உட்கார்ந்து கிண்ணத்தைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். கடை திறந்த புதிதில், எச்சில் படாதா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஹாஜா மொய்தீன் கிண்ணத்துக்கு ஒரு கரண்டி போட்டார், ஆளுக்கு ஒரு ‘வாங்க’ போட்டார். சுளித்த முகம் எல்லாம் அந்த ‘வாங்க’விலேயே நேராகிவிட்டது. நம் ஜனங்கள் குழைந்த சோற்றைக்கூட மன்னித்துவிடுவார்கள். வான்னு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் மட்டும் பேரன் பேத்தி காலம்வரை சொல்லிக்காட்டுவார்கள்.

அந்த மனிதர் ஒருநாள் காலையில் தொழுகைக்குக் கிளம்பும்போது சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடியும்வரை கடைக்கும் ஷட்டர் இறங்கியே இருந்தது. அது முடிந்ததும் மகள் சஹர் லீவு போட்டு வந்து சமையலில் நின்றாள். மேசை பெஞ்சு எல்லாம் விற்றுவிடலாம், பார்சல் மட்டும் போடலாம், யாருக்கும் முகம் காட்ட வேண்டாம் என்பது அவள் யோசனை. அம்மாவின் கூச்சம் அவளுக்குத் தெரியும். நியாயமான யோசனைதான். ஆனால் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வருவதைக் குல்ஷனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவரை இரண்டாம் முறை தூக்கிக்கொண்டு போவது அது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்ப்போம் என்றாள்.

“வாசல்ல யாரும்மா நிக்கிறது?”

“நான்தான். அத்தா நின்ன எடத்துல வேற யாரு நிப்பா?”

சொல்வது சுலபம். ஞாயிறு மதியம் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அவள் வாசலில் நின்றபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதலில் வந்த இரண்டு வாலிபர்கள் அவளைப் பார்த்தார்கள், உள்ளே காலிப் பெஞ்சைப் பார்த்தார்கள், ஏதோ மறந்தவர்கள்போல் திரும்பிவிட்டார்கள். சமையலறைச் சன்னலில் சஹர் குனிந்து பார்த்துவிட்டு, எடுத்த கிண்ணத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள். அதுதான் குல்ஷனை அதிகம் சுட்டது.

அடுத்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கணவர் படியில் ஒரு காலை வைத்துக் காத்திருந்தார். குல்ஷன் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவர் காலை எடுத்துவிட்டு மனைவியிடம் திரும்பினார். மெதுவாகப் பேசுவதாக அவர் நினைப்பு. தெருவுக்கே கேட்டது.

“வா போலாம். பாய் இல்ல போலகீது. வான்னு சொல்ல ஆளில்லாத எடத்துல இன்னா சோறு?”

குல்ஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் குரலுக்காகத்தானே ஞாயிறு தவறாமல் ஒரு கிண்ணம் சம்பலை, பெலாச்சான் என்கிற இறால் விழுது சேர்க்காமல், தனியாக எடுத்து வைப்பாள்? கருவாட்டு நாத்தம் எனக்கு ஆவாது பாய் என்று சுவரைத் தாண்டி வந்த குரல். இன்றைக்கும் கை பழக்கத்தில் எடுத்து வைத்துவிட்டது.

“அண்ணே, பெலாச்சான் போடாத சம்பல் தனியா வச்சிருக்கேன்” என்றாள்.

அவர் நின்றார். “உனக்கு எப்டிம்மா தெரியும்?”

“உள்ள ஆக்கினது நான்தாண்ணே. வாங்க.”

வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லோடு கண்ணீரும் வந்தது, அவள் துடைக்கவில்லை. பாய் எங்கே என்று அவர் கேட்கவில்லை. பார்த்தே புரிந்துகொண்டார். தலையைக் குனிந்தபடி உள்ளே போய், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஐயப்பன்தாங்கல் டெப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற வீரராகவன் என்று அவருடைய மனைவி சொல்லித்தான் குல்ஷனுக்குத் தெரிந்தது.

சம்பலைப் போட்டுக்கொண்டு நாலு வாய் சாப்பிட்டிருப்பார். பக்கத்து அடுக்குமாடிக் குடும்பம் ஒன்று, குழந்தைகளோடு, வாசலில் வந்து தயங்கியது. இதுவரை கேட்டிராத குரல்கள். குல்ஷன் மறுபடி திணறினாள்.

பின்னாலிருந்து பெஞ்சு கிறீச்சிட்டது. வீரராகவன் தட்டோடு நகர்ந்து இடம்விட்டிருந்தார். ஆயுசு முழுக்கப் பஸ் கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை, சோற்றுக் கையை ஆட்டிச் சொன்னார்.

“உள்ள வாங்க, உள்ள வாங்க. எடம் நெறைய கீது.”

அந்தக் குடும்பம் சிரித்துக்கொண்டே படியேறியது. குல்ஷன் வழிவிட்டு ஒதுங்கினாள், பிறகு, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, “வாங்க” என்றாள்.