எழுந்து நின்றதாகக் கையெழுத்திட்டவன்

ஓசூரில் முப்பத்தொரு வருடங்கள் குடியிருந்த பிறகு, எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளியிருக்கும் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, மகள் வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா என்று தெலுங்கில் கேட்டார். எனக்கு மகள் இல்லை. தெருவைக் கையால் காட்டி, வீடு இங்கேதான் என்றேன். அதை அவர் மகன் வீடு என்று எடுத்துக்கொண்டு, இந்த முறை தமிழில், எத்தனை நாள் தங்குவீர்கள் என்றார். தலையில் குல்லாயும் காலில் புது ஷூவுமாக ஒரு பெரியவர் காலை ஏழு மணிக்குத் தயங்கித் தயங்கி நடந்து வந்தால், தெற்கேயிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்தவர் என்றுதான் இந்த ஊரில் நினைப்பார்கள். அப்படி வந்து, ஒரு மாதம் குளிரில் நடுங்கிவிட்டுத் திரும்பிப் போகும் பெற்றோர் எல்லாத் தெருவிலும் உண்டு. பத்தொன்பது வருடங்களாக அதே பகுதியில் சொத்துவரி கட்டுகிறேன் என்பதற்கான ரசீதுகள் வீட்டில் வரிசையாகக் கோத்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவரிடம் அதைச் சொல்லவில்லை. தவறு அவருடையதல்ல. அவர் கடை திறந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் நான் ஒருமுறைகூட நடந்து போனதில்லை.

எப்படி நடந்திருப்பேன்? கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். வீட்டு வாசலிலிருந்து அது நாற்பது தப்படி. தொழிற்பேட்டையில் இறங்கி என் நாற்காலிக்குப் போக இன்னும் நூறு தப்படி. மாலையில் அதே தப்படிகளைத் திருப்பி வைத்தால் நாள் முடிந்தது. இந்த ஊரில் மூன்று மொழிகள் பேசுகிறார்கள் என்பதை நான் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் அறிந்தேன். தளி பக்கத்து முட்டைக்கோஸ் லாரிகளும் ஜூஜுவாடி எல்லைச் சாவடி நெரிசலும் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தவை. சொந்த ஊரில் இருக்கும் உறவினர்கள் நான் ஓசூரில் வாழ்ந்ததாக நினைக்கிறார்கள். நான் ஓசூரில் உட்கார்ந்திருந்தேன்.

சொந்த ஊரான கோவில்பட்டியில் நான் பார்த்த முதல் வேலை இப்படி இல்லை. வேதியியல் பட்டத்தோடு ஒரு தீப்பெட்டி ஆலையில் மேற்பார்வைக்குச் சேர்ந்தேன். அங்கே இருந்த ஒரே நாற்காலி முதலாளியுடையது. நாங்களெல்லாம் தரையில் சம்மணமிட்டு எழுதுவோம். குச்சி அடுக்கிய சட்டங்கள் காய்ந்துவிட்டனவா என்று பார்க்கப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழ வேண்டும். வானம் கறுத்தால் வேலையாட்களோடு சேர்ந்து சட்டங்களை உள்ளே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த வேலையை இப்போது புகழப் போவதில்லை. மருந்து நெடியும் வெயிலும் சேர்ந்து மண்டையைப் பிளக்கும். அதை முழு மனதோடு வெறுத்தேன். ஓசூரில் வேலை கிடைத்து முதல் நாள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்ததும், எழாமலேயே அலமாரிப் பக்கம் திரும்பலாம், மறுபடி மேசைக்கு வரலாம் என்று அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். அவள் அதைத் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினாளாம்.

என் வேலை நடைமுறைகள் எழுதுவது. வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி, எண் கொடுத்து, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கிப் பூட்டி வைப்பது. எழுதாதது நடக்காதது என்பது எங்கள் தொழிலின் வேதம். ஒரு வருடம், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், மேசை வேலை செய்பவர்களின் உடல்நலத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். நான்கு பக்கத்தில் ஒரு நடைமுறை எழுதினேன். ஒவ்வொருவரும் மணிக்கு ஒருமுறை எழ வேண்டும், ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். நல்ல நடைமுறை, இன்று படித்தாலும் ஒரு குறை சொல்ல முடியாது. சனிக்கிழமை டீ வந்ததும் பதிவேடு மேசை மேசையாகச் சுற்றும். வாரம் முழுவதற்குமான கையெழுத்துகளை அப்போது போட்டுவிடுவோம். ஒரே பேனாவில் இருந்தால் தணிக்கையாளர் சந்தேகப்படுவார் என்பதால் நீலம், கறுப்பு இரண்டிலும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லியிருந்தேன். தணிக்கையாளர் வந்தார், புரட்டினார், பாராட்டினார். நான் உட்கார்ந்தபடியேதான் அவரிடம் பதிவேட்டை நீட்டினேன்.

பதினோரு வருடம் இப்படிப் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகும், பூட்டி வைத்ததெல்லாம் எங்கே இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாததால், ஒப்பந்தத்தில் அதே நாற்காலிக்கு அழைத்தார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் பிரிவுப் பையன் ஒருவன் ஜூஜுவாடியில் வீடு கட்டிக் குடிபோனான். புது வீட்டில் முதல் சாப்பாடு தரையில் இலை போட்டுத்தான் என்று அவன் அப்பா பிடிவாதமாக இருந்தார். உட்காருவதில் சிரமம் இருக்கவில்லை. அதில் எனக்கு அனுபவம் அதிகம். பாயசம் முடிந்து வரிசை முழுவதும் எழுந்தது. நான் எழவில்லை. கையை ஊன்றினேன், சுவரைப் பிடித்தேன், முட்டியில் நின்று பார்த்தேன். தொடைகள் யாருடையவோ போல இருந்தன. கடைசியில் இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். எழுந்திருப்பதற்கும் சாருக்கு ஒரு புரொசீஜர் வேண்டும் என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மனைவி சுந்தரி மட்டும் சிரிக்கவில்லை.

மறுவாரம் டாக்டரிடம் போனோம். கிருஷ்ணகிரிக்காரப் பெண், பொறுமையாகக் கேட்பவர். சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்தது. நடமாட்டம் உண்டா என்று கேட்டார். மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடப்பேன், பல வருடப் பழக்கம் என்றேன். பொய் சொல்கிறோம் என்ற உணர்வே எனக்கு வரவில்லை. அத்தனை கையெழுத்துகள் இருக்கின்றன. அவை எப்படிப் பொய்யாகும்? அவ்வளவு நடப்பவருக்குத் தொடை இப்படி இளைக்கக் கூடாதே என்று யோசித்த டாக்டர், நரம்பில் கோளாறு இருக்கலாம் என்று பெங்களூருக்கு எழுதிக் கொடுத்தார். ஐந்து மாதம் அலைந்தோம். ஒரு பரிசோதனைக் கூடத்தில், எங்கே காத்திருப்பது என்று நான் ஆங்கிலத்தில் கேட்க, என் நடையைப் பார்த்த வரவேற்புப் பெண் கன்னடத்தில் ஏதோ குரல் கொடுக்க, ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். வேண்டாம் என்று விளக்குவதைவிட உட்காருவது சுலபமாக இருந்தது. உட்கார்ந்தேன். எல்லா முடிவுகளும் சரியாக இருக்கின்றன என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த முடிவுகளைப் பற்றி ஆபீஸில் பக்கத்து மேசைக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். ரத்தினம்மா பெருக்கிக்கொண்டே வந்தார். தளிக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

"கால தூக்குங்க சார்" என்றார்.

தூக்கினேன். துடைப்பம் அடியில் போய் வந்தது.

"நடக்கறவங்களுக்கு வர்ற வியாதியா சார் உங்குளுது? பதினோரு வருசமா இந்த மேசக்கடியில கூட்டறேன். ஒருநாளு எழுந்து வழி விட்டதில்ல நீங்க. கால மட்டும் தூக்குவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை, மின்விசிறி ஓடவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். பதிவேட்டில் எல்லாம் இருக்கிறதே அம்மா என்றேன். அதைச் சொன்னது நான்தான் என்பதை இப்போது எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

"நோட்டா சார் நடக்குது?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

டாக்டரிடம் திரும்பிப் போய் வாக்குமூலத்தைத் திருத்திக் கொடுத்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். முதல் முறை எப்படியோ எழுந்தேன். இரண்டாவதில் பாதி வழியில் பொத்தென்று விழுந்தேன். பயன்படுத்தாத சதை போய்விடும், முயன்றால் ஓரளவு திரும்பும், விட்டால் இன்னும் சில காலத்தில் கழிப்பறையிலிருந்து எழ ஆள் தேடுவீர்கள் என்றார். பிறகு, வீட்டில் உங்களைத் தூக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் சுந்தரியைப் பார்த்தேன். அவளுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. நிறைந்த குடத்தை இறக்கக்கூட முடியாது. நான் எண்பத்திரண்டு கிலோ. மகன் ஜெர்மனியில் இருக்கிறான், அவனும் ஒரு நாற்காலியில்தான். திரும்பி வரும்போது ஆட்டோவில் சுந்தரி, "நீங்க விழுந்தா பக்கத்துல உக்காந்துக்கத்தான் முடியும். தூக்க முடியாதுங்க" என்றாள்.

ஒப்பந்தத்தை நான் புதுப்பிக்கவில்லை. அதற்கு முன், நின்றுகொண்டே எழுத உயரமான மேசை ஒன்று கேட்டுப் பார்த்தேன். அதற்கு நடைமுறையில் திருத்தம் வேண்டும், அந்தத் திருத்தத்தை நீங்கள்தான் எழுத வேண்டும், நிதிப் பிரிவு உட்பட மூன்று கையெழுத்து வேண்டும் என்றார்கள். அந்த விதியை எழுதியவன் நான். விட்டுவிட்டேன். காலையில் நடை, அப்படித்தான் டீக்கடைக்காரரின் விருந்தாளி ஆனேன். வீட்டில், சாப்பாட்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பிறகு தாழ்ந்த பிரம்பு மோடாவிலிருந்து. சுந்தரி எதிரே நின்று எண்ணுவாள், தொட மாட்டாள். அலுப்பான காரியம். ஆறு மாதம் செய்து கிடைத்தது, முன்பு சாதாரணமாக இருந்ததில் பாதி. எத்தனை முறை செய்தேன் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் செய்துவிட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. ஓசூருக்கும் கோவைக்கும் சென்னைக்கும் வந்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் ஊர்க்காரர்கள் இதை உட்கார்ந்துதான் படிப்பார்கள். எழுந்து நின்று படியுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை.

போன மாதம் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. அக்கா பிள்ளைகளுக்குத் தாய்மாமன் என்ற முறையில் நான் நின்றே ஆக வேண்டும். டாக்டரோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்தார். கோவில்பட்டி நேர் பஸ் என்றால் பத்து மணி நேர இருக்கை. ஊருக்குப் போகிற வழியே உட்கார்ந்து போகிற வழியாக இருந்தது. அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன்.

"ஏலே, பஸ்ஸுல உக்காந்து வாரதுக்கு என்ன கேடு ஒனக்கு? அதுக்குமா தெம்பு வேணும்?"

அவளுக்கு விளக்க முடியவில்லை. துண்டு துண்டாகப் போவது என்று முடிவு செய்தோம். கிருஷ்ணகிரியில் இறங்கி ஒரு சுற்று, தர்மபுரியில் ஒரு சுற்று, சேலத்தில், நாமக்கல்லில். கரூர் போய்ச் சேரும்போது நல்ல மதியம். ஏறக்குறைய பாதி வழி. சுந்தரி பையோடு நிழலில் உட்கார்ந்தாள். நான் பஸ் நிலையத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். ஒரு பக்கம் சேலம் பஸ், எதிர்ப்பக்கம் மதுரை பஸ், இரண்டும் கிளம்பும் முறுக்கில் உறுமிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கண்டக்டர்களும் என்னை ஏறச் சொன்னார்கள். மூன்றாவது சுற்றில் மதுரைக்காரர் பொறுமையிழந்தார்.

"பெரியவரே, வடக்கயா தெக்கயா? ரெண்டு வண்டியையும் சுத்திச் சுத்தி வர்றீங்க."

சும்மா நடக்கிறேன் என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு சுந்தரியிடம் போய், குரலைத் தாழ்த்தி, வீட்டுக்கு வழி மறந்துபோனவரா அம்மா என்று விசாரித்தார்.

"வழியெல்லாம் தெரியும். உக்காந்து போகத்தான் கூடாது" என்றாள் சுந்தரி.

ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. நடைமேடையின் ஓரம் முழங்காலுக்கும் கீழேதான் இருக்கும். யோசிக்காமல் அதில் உட்கார்ந்து கட்டினேன். அதற்குள் மதுரை பஸ் நகரத் தொடங்கியது. கண்டக்டர் தொங்கிக்கொண்டு கையசைத்தார். சுந்தரி பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்து, இடது கையை என் பக்கம் நீட்டினாள். பிறகு அவளே அதை மடக்கிக்கொண்டாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழப் பார்த்தேன்; பாதி வரை வந்து மறுபடி உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் ஜனங்கள். இரண்டாவது முறை பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்து, தொடைகள் நடுங்க நடுங்க நின்றுவிட்டேன். கை எங்கும் படவில்லை. மதுரை பஸ் வாசலைத் தாண்டிவிட்டது. சேலம் பஸ்காரர், ஏறுகிறீர்களா என்று கையாலேயே கேட்டார். இரண்டுக்கும் நடுவில், யாரும் பிடிக்காமல், நின்றுகொண்டிருந்தேன்.