சின்ன மீரானின் ஏ.சி.யும் நகர்ந்த புள்ளிகளும்

2007–2019: ஷார்ஜா, ஏ.சி. வேலை, 12 வருடம்.
ஜூன் 2022: மதுரை ஆய்வுக்கூடம், 34 ஏ.சி. பராமரிப்பு ஒப்பந்தம்.
25.02.2025: மைக்ராஸ்கோப் படத்தின் நகர்வு 160 நானோமீட்டர்.
04.03.2025: 190.
11.03.2025: 210.

கடைசி மூன்று எண்களும் அருப்புக்கோட்டை சின்ன மீரானின் தலையில் விழுந்தன. உயிருள்ள செல்லுக்குள் ஒற்றைப் புரத மூலக்கூறு எப்படி அலைகிறது என்று பார்க்கும் மைக்ராஸ்கோப் அறை ஒன்று அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தது. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அங்குள்ள ஏ.சி. படத்தை ஆட்டுகிறது, மார்ச்சோடு முடியும் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கில்லை என்று அலுவலகம் எழுதிவிட்டது. மறுபடியும் ஷார்ஜாவா? மனைவி ஷம்சாத் பேகத்திடம் அவர் வாயே திறக்கவில்லை.

மார்ச் 12, புதன். 5.40 பஸ்ஸைப் பிடித்து, நோன்பு வயிற்றோடு 7.20க்கு அந்த அறையில் நின்றார். ஆராய்ச்சி மாணவி பிரவீணா திரையைக் காட்டினாள். இருட்டில் மினுக்கும் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு மூலக்கூறு.

"தனித்தனியா அலையணும்ண்ணே. இது மொத்தமும் ஒரே பக்கமா போகுது பாருங்க."

"பள்ளிக்கூடம் விட்ட மாதிரில்ல போகுது! ஏ.சி.யை நிறுத்திப் பாப்போம்மா."

நிறுத்தினார். மூன்றே நிமிடத்தில் நகர்வு நின்றது. அவர் முகம் செத்துவிட்டது.

"என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன்."

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஏ.சி.யை மீண்டும் ஓடவிட்டு, ஒரு நூலைத் தூக்கிப் பிடித்துக் காற்றின் போக்கைத் தேடினார். வெளிச்சம் படாமலிருக்க மைக்ராஸ்கோப்பின் மேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணி லேசாக உப்பி அடங்கியது. அதன் ஒரு மூலை, செல் வைத்த கண்ணாடியைத் தாங்கும் தட்டில் சிக்கியிருந்தது.

"இது யாரு போட்டது?"

பிரவீணா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நாந்தாண்ணே. பிப்ரவரி கடைசியில."

"துணி இழுக்கும், பழி எனக்கா? நல்லாருக்கே!"

துணியை எடுத்துவிட்டு, மைக்ராஸ்கோப்பின் மேல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஏ.சி. ஓடியது. புள்ளிகள் ஆளுக்கொரு திசையில் அலைந்தன.

"பழைய படமெல்லாம் போச்சாம்மா?"

"போகலைண்ணே. கண்ணாடியில தங்கத்துகள் ஒட்டியிருக்கு. அது தானா நகராது. அது நகர்ந்த அளவைக் கழிச்சிட்டாப் போதும்."

"தங்கமா? எத்தனை கிராம்?"

அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்தது. அன்று மதியமே தன் பிழையை எழுதிக் கையெழுத்திட்டு அலுவலகத்தில் கொடுத்தாள்.

நோன்பு திறந்தபின் மீரான் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். "இத்தன நாளா மூடி வச்சிருந்தீகளா?" என்று ஷம்சாத் பேகம் ஒரு பாட்டம் ஏசித் தீர்த்தார். ஏச்சைக் கேட்டுக்கொண்டே அவர் தூங்கிப்போனார். இரண்டு வாரத்தில் அதுதான் முதல் நல்ல தூக்கம்.

ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டித்த கடிதம் வந்தது 28.03.2025, வெள்ளிக்கிழமை.