ஆனைக்கொய்யாவின் வேர் வட்டம்

மலைநாட்டில் அரசாங்கப் பழத்தோட்டமொன்றில் இருபத்திரண்டு வருடம் ஆனைக்கொய்யா என்கிற வெண்ணெய்ப்பழ மரம் வளர்த்தேன். பாதி வேலையைக் குளிர் செய்தது. பெயரை நான் வாங்கிக்கொண்டேன். எண்பத்துமூன்று கலவரத்தில் வீட்டை எரித்தார்கள். முன்கூட்டியே ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் மனைவியின் ஊரான புத்தூருக்கு ஒரு சூட்கேசோடும் இரண்டு ஒட்டுக்கன்றோடும் வந்து சேர்ந்தேன்.

செம்மண் வெயிலில் ஒரு கன்று முதல் பங்குனியிலேயே கருகியது. மற்றதைக் குசினிக்குப் பின்னால் கிடுகு நிழல் கட்டி, வைக்கோல் பரப்பி, கிணற்றுநீர் அளந்து ஊற்றி மரமாக்கினேன். காய்க்கவில்லை.

தொண்ணூறில் குண்டுவீச்சு தொடங்கியதும் வளவுக்கு வளவு பதுங்கப் பங்கர் வெட்டினார்கள். பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர் அலவாங்கோடு வந்தார்.

"குசினி வாசலோட, இந்த மரத்துக்குக் கீழ வெட்டுவம் ஐயா. மேலயிருந்து பாத்தாலும் தெரியாது."

"ஏலாது. இதின்ரை வேரெல்லாம் மேல்மண்ணிலைதான் ஓடும். வெட்டினால் அழுகல் பிடிக்கும்."

"ஏழு வருசமா இலையைத்தானே காய்க்குது!"

மனைவி வாசலில் நின்றாள். "இஞ்சேருங்கோ, என்ரை முழங்காலோட வேலி மட்டும் எப்பிடி ஓடுறது?"

நான் அளவுநாடாவை எடுத்து, கிளை நுனிக்கு அப்பால் இன்னும் பத்தடி விட்டு, வேலியோரத்தில் இடம் குறித்தேன். பங்கர் முறைப்படி அமைந்தது: வளைந்த வாசல், பனங்குற்றிக் கூரை, மேலே மண்மூட்டை. ஒத்திகையும் வைத்தேன். ஒரு நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். விமானம் ஒரு நிமிடம் தராது என்பது எனக்குத் தெரியாததல்ல.

அது வந்தது ஒரு காலையில். நான் வேலியோரம் நின்றதால் உடனே உள்ளே இறங்கிவிட்டேன். அவள் குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத் தோட்டத்தில் குண்டு விழுந்தது. ஏறிப் பார்த்தபோது பாதி வழியில் கிடந்தாள்.

ஆசுப்பத்திரியில் வலது காலைத் தொடையோடு எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் கேட்டாள்: "மரத்துக்கு ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

"அப்ப சரி," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் வெங்காயத் தோட்டக்காரர் கூப்பிடாமலே அலவாங்கோடு வந்தார். குசினி வாசலோடு, மரத்துக்குக் கீழே புதுப் பங்கர் வெட்டினோம். பெருவிரல் தடிப்பில் வேர்கள் வந்தன. அவர் கத்தியை நீட்டினார், நானே வெட்டினேன்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, கட்டிலில் இருந்து பங்கர் வரைக்கும் தூக்கிப் பார்த்தேன். ஒன்பது காலடி. ஏழாவதிலேயே எனக்கு மூச்சு வாங்கியது.