அடி அண்ணாமலையில் மூன்று படங்கள்

காலை 5.40. திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கியதும் முதலில் தெரிந்தது மலையல்ல, கோபுரமுமல்ல. வாழைமரம் கட்டிய நான்கு கல்யாண வேன்கள். ஒன்றின் கூரையில் அண்டாக்கள். இன்னொன்றில் தலைநிறையப் பூ வைத்த பெண்கள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். 1992, தை மாதத்து ஞாயிறு, முகூர்த்த நாள். சென்னையிலிருந்து 190 கிலோமீட்டர், டிக்கெட் பத்தொன்பது ரூபாய்.

நான் வேலை பார்த்த பத்திரிகையின் வாரமலருக்கு ஆறு படங்கள் வேண்டியிருந்தன. பையில் ஒரு கேமரா, முக்காலி, முப்பத்தாறு படம் பிடிக்கும் ஒரே ஒரு ஸ்லைடு பிலிம் ரோல். கழுத்துக் கயிற்றில் வெளிச்ச மீட்டர்.

இந்த மீட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் கருவி. மேலே பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல ஒரு வெள்ளைக் குமிழ்; கீழே எண்களின் மேல் ஓடும் ஒரு முள். பேட்டரி கிடையாது, வெளிச்சம் பட்டாலே போதும். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. வெள்ளைச் சுவரைக் கண்டால் ஏமாந்து படத்தை இருட்டாக்கும். கருங்கல்லைக் கண்டால் வெளுக்க வைக்கும். கை மீட்டருக்கு அந்தக் குழப்பம் இல்லை. படத்தில் வரப்போகிறவர் இருக்கும் இடத்துக்கே போய், அவர் முகத்தருகே குமிழைக் கேமரா பக்கம் திருப்பிப் பிடித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். முள் விடுபட்டு ஏறும். விரலை எடுத்தால் ஏறிய இடத்திலேயே நின்றுவிடும். ஸ்லைடு பிலிம் சிறு பிழையையும் தாங்காது என்பதால் அளக்காமல் நான் எடுப்பதில்லை.

6.30. கிழக்குக் கோபுர வாசலில் வெளிச்சம் போதவில்லை. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பிடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். கூடையில் சாமந்தி வைத்திருந்த பெண் வேடிக்கை பார்த்தாள்.

"என்னா சார், கோபுரத்துக்குப் பிரஷர் பாக்கறீங்களா?"

"ஆமாம்மா."

"ஜாஸ்தியா, கம்மியா?"

"கம்மி."

"வெயிலு வந்தா ஏறிடும், வுடுங்க."

7.05-க்கு ஏறியது. கருங்கல் அடித்தளத்துக்கும் வெளுத்த சுதைக்கும் நடுவே ஒரே அளவு வைத்து முப்பத்துமூன்று படங்கள் எடுத்தேன். மிச்சம் மூன்று. அவற்றை மலையின் மேற்கு முகத்துக்கு ஒதுக்கினேன்.

8.10. அடி அண்ணாமலைக்கு ஆட்டோ. ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், இருபத்தைந்து ரூபாய். டிரைவருக்கு என் அவசரம் புரியவில்லை. "அந்தப் பக்கம் வெயிலு லேட்டா தான் சார் வரும். மலை குறுக்க நிக்குதில்ல" என்றார். சரியாகச் சொன்னார். டவுன் முழுக்க வெயிலில் இருக்க, அடி அண்ணாமலை மலையின் நிழலுக்குள் ஈரமாக இருந்தது. வேர்க்கடலைச் செடியில் பனி காயவில்லை.

டீக்கடையில் நின்றேன். டீ ஒரு ரூபாய். பாதி குடிப்பதற்குள் நாற்பது வயதுக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். இடுப்பில் துண்டு, சிவந்த கண்கள். பெயர் ஏழுமலை.

"போட்டோக்காரருங்களா?"

பத்திரிகை என்றேன்.

"எதுவா இருந்தாலும் பரவால்லீங்க. எங்க தம்பி தவறிட்டான். டவுன்ல மூணு ஸ்டுடியோவும் பாத்துட்டு வரேன். எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. ஒருத்தரு சாயங்காலம் வரேன்றாரு. நாங்க பன்னண்டு மணிக்கெல்லாம் எடுத்துடுவோம்."

வேறு படம் இல்லையா என்று கேட்டேன்.

"ஒண்ணு கூட இல்லீங்க. கல்யாணத்தப்ப ஒரு போட்டோக்காரன் வரேன்னான். அவனும் வரல."

டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டார்.

8.45. ஓட்டு வீடு, வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். இந்தப் பக்கத்தில் இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, வீட்டார் சுற்றி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது வழக்கம். தம்பி சேகரையும் அப்படித்தான் உட்காரவைத்திருந்தார்கள். முப்பத்துநான்கு வயது. வெள்ளை வேட்டி, தாடையைச் சேர்த்து ஒரு கட்டு, நெற்றியில் காசு. முதல் நாள் மத்தியானம் கடலைக் கொல்லையில் நெஞ்சு வலித்திருக்கிறது. ஏழுமலை வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இருட்டுவதற்குள் உடலாகக் கொண்டுவந்தார். மனைவி கன்னியம்மா இரண்டு பெண் குழந்தைகளோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். போகும்போது வேனின் ஜன்னல் வழியாக, மாட்டுக்குத் தண்ணி காட்டு என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனவர் சேகர்.

முக்காலியை நிறுத்திவிட்டுப் பந்தலுக்குள் போனேன். மேளக்காரர்கள் வழி விட்டார்கள். நாற்காலியின் வலப்பக்கம் தரையில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். சேகரின் மோவாய்க்குக் கீழே மீட்டரைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினேன். முள் அவள் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"மாமா, ஏறுது" என்றாள்.

"எதும்மா?" என்றார் ஏழுமலை.

"முள்ளு. இவரு கிட்ட வெச்ச உடனே ஏறுது பாருங்க."

ஒப்பாரி நின்றது. மேளமும் நின்றது. ஒரு கிழவி எழுந்து வந்து சேகரின் மார்பில் கை வைத்தாள். "எனக்கு ராத்திரியே சந்தேகந்தான்டி. வேன்ல இருந்து எறக்கும்போது ஒடம்பு சூடு இருந்துது" என்றாள். தெருவில் யாரோ உயிர் இருக்குதாம் என்று சொல்வது கேட்டது.

"அம்மா, இது வெளிச்சத்தை அளக்கிற மீட்டர்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க சார். முள்ளு பொய் சொல்லுமா? வண்டி கூப்புடுங்க மாமா, ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"நான்தானம்மா கூட இருந்தேன். டாக்டரு நல்லா பாத்துட்டுதான் சொன்னாரு."

"எதை வெச்சிப் பாத்தாரு? இந்த மாதிரி மீட்டரு வெச்சாரா?"

"காதுல மாட்டிக்கினு நெஞ்சுல வெச்சிப் பாத்தாரு."

"அப்போ மீட்டரு வெக்கல."

ஏழுமலை திரும்பி என்னைப் பார்த்தார். பத்து வருடமாக நூற்றுக்கணக்கான முகங்களுக்கு முன்னால் அந்தக் குமிழை நீட்டியிருக்கிறேன். முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

பந்தல் காலுக்கு எதிரே பிடித்து அழுத்தினேன். முள் ஏறியது. தண்ணீர்க் குடத்துக்கு எதிரே பிடித்தேன். ஏறியது. உரலருகே பிடித்தேன், அங்கும் ஏறியது. அவள் ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

"குடுங்க" என்றாள்.

கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். கணவனின் நெஞ்சருகே தானே பிடித்து அழுத்தினாள். ஏறியது. அவள் பொத்தானை விடாமல் இருக்கும்போதே நான் குமிழின் மேல் என் கையை வைத்து மூடினேன். முள் விழுந்தது. எடுத்தேன், ஏறியது. பிறகு தன் கையால் மூடினாள், எடுத்தாள். மூன்று முறை செய்தாள். கடைசி முறை மூடிய கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"வெளிச்சந்தான் மாமா" என்றாள்.

கிழவி சேகரின் மார்பிலிருந்து கையை எடுத்தாள். யாரும் அழவில்லை. மேளக்காரர்களில் ஒருவர் பீடி பற்றவைக்க வெளியே போனார்.

9.20. நான் கேமராவுக்குப் போன சமயத்தில் வெயில் மலையைத் தாண்டிவிட்டது. கீற்று இடுக்குகளில் இறங்கி வேட்டியில் விழுந்தது. முன்பு எடுத்த அளவு இனி உதவாது. மறுபடி அந்த முகத்தருகே மீட்டரைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. உத்தேசமாக ஒரு அளவு வைக்கலாம் என்று லென்ஸில் கை வைத்தேன்.

"வெயிலு மாறிடுச்சே சார்" என்றாள் கன்னியம்மா. "இப்போ முள்ளு வேற காட்டாதா?"

"காட்டும்மா."

"அப்போ பாக்காம எடுக்கறீங்களே. கறுப்பா வுழுந்துட்டா?"

எழுந்து, தன் கையிலேயே இருந்த மீட்டரை மோவாய்க்குக் கீழே, குமிழ் என் பக்கம் பார்க்கும்படி, நான் பிடித்த மாதிரியே பிடித்தாள். அழுத்தினாள். விரலை எடுத்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். முன்பு பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு தள்ளி நின்றது முள். லென்ஸைத் திருத்தினேன். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். குழந்தைகளை இரு பக்கமும் இழுத்துவைத்து, சின்னவளின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். மாலையைச் சரிசெய்யச் சொன்னாள். மூன்று படங்கள் எடுத்தேன். ரோல் முடிந்தது.

ஏழுமலை சைக்கிளில் என்னை டவுனுக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்றார். சாவு வீட்டை விட்டு வரவேண்டாம் என்று சொல்லி, நடந்தே வந்தேன். வழியில் இரண்டு கல்யாண வேன்கள் எதிரே போயின.

மத்தியானம் 1.15 பஸ். ஜன்னல் ஓர இடம். கீழ்பென்னாத்தூர் வரையிலும் மலை பின்னால் தெரிந்துகொண்டே வந்தது. அதற்கப்புறம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. சென்னையில் என் வீட்டுச் சுவரில் அப்பாவுக்கு நான்கு படங்கள் இருக்கின்றன. எல்லாம் நான் எடுத்தவை, அளவு பிசகாதவை. அவற்றுக்கு மீட்டரைப் பிடித்தபோது அது என்ன என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ரோலைக் கழுவி வாங்க ஐந்து நாளானது. கோபுரப் படங்களில் ஆறு வாரமலரில் வந்தன. மலையின் மேற்கு முகம் இல்லாதது பற்றி ஆசிரியர் கேட்டார். நிழலாக இருந்தது என்றேன். மற்ற மூன்று ஸ்லைடுகளிலிருந்து பிரிண்ட் போட்டு, ஏழுமலை எழுதிக்கொடுத்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

அளவு சரியாக இருந்தது. சேகரின் முகம், வேட்டியின் மடிப்பு, குழந்தைகளின் கண்கள், எல்லாம் தெளிவு. படம் எடுக்கும் முன் அவளிடமிருந்து மீட்டரைத் திருப்பி வாங்க, அவசரத்தில் நான் மறந்திருக்கிறேன். மூன்று படங்களிலும் அது கன்னியம்மாவின் மடியில் இருக்கிறது. வெள்ளைக் குமிழை அவள் உள்ளங்கை மூடியிருக்கிறது.