ஐந்தாவது முகம்

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் ‘ஸ்டார் அக்கா’ என்று கேட்டால் பிள்ளைகளே கைகாட்டும். குழந்தைகள் பிரிவில் பதினெட்டு வருஷமாக உதவியாளர். வரவேற்பு மேஜையில் இருக்கும் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஒருநாள் அவருக்காகக் கோபமும் வந்தது.

வரும் பிள்ளையிடம் முதலில் ஒரு அட்டையை நீட்டுவார். சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும் ஐந்து முகங்கள். “இப்ப நீ எந்த முகம்?” பிள்ளை தொட்டதை எண்ணாகக் குறிப்பார். அதுதான் பயத்தின் அளவு. அப்புறம் கால் மணி நேரம் விளையாட்டு. குட்டிக் கண்ணாடியைக் கையில் கொடுப்பார், காற்றுக் குழாயை நகத்தில் ஊதிக் காட்டுவார், மெஷின் சத்தத்துக்குப் பின்பாட்டுப் பாடுவார். அலறிக்கொண்டு வந்த பிள்ளை தானாக வாயைத் திறக்கும்.

போன வாரம் பெரிய டாக்டர் அக்கா எண் குறித்த தாள்களைப் புரட்டினார். “வர்றப்பவே நூத்துக்குத் தொண்ணூறு பிள்ளைங்க சிரிச்ச முகம். பயமே இல்லாததுக்கு எதுக்குக் கால் மணி நேரம்? திங்கள்லேர்ந்து வேண்டாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மேஜைக்காலைக் கட்டிப்பிடித்துக் கதறும் பிள்ளைகளை இவர் ஒரு நாளாவது பார்த்திருப்பாரா?

அன்று மத்தியானம் ஒரு சின்னப் பெண் தன் தங்கைக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். “அழுற மூஞ்சியத் தொடாத. சிரிக்கிறதத் தொட்டாத்தான் ஸ்டார் தருவாங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேராக அக்காவிடம் போனேன்.

“அந்த ஸ்டார் ஸ்டிக்கர் யாருக்குக்கா குடுக்குறீங்க?”

“சிரிக்கிற முகத்தைத் தொடுற பிள்ளைக்கு. தைரியசாலி இல்லையா?”

“எத்தனை வருஷமா?”

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. “ஐயோ, என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேனே!”

டாக்டரிடம் ஒப்புக்கொண்டார். அவரோ சிரித்தார். “பதினெட்டு வருஷம் கழிச்சு எண்ணு தப்புங்கிறீங்களா?”

“வந்து பாருங்க,” என்றார் அக்கா. கையைப் பிடித்து இழுக்காத குறைதான்.

அந்தத் தங்கைதான் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கவுனைக் கசக்கிக்கொண்டிருக்க, இன்னொரு கை சொல்லிவைத்தபடி சிரித்த முகத்துக்குப் போனது. அக்கா ஸ்டிக்கர் தாளை முழுசாக அவள் மடியில் வைத்தார்.

“எல்லாம் உனக்குத்தான். எதைத் தொட்டாலும் உனக்குத்தான். இப்பச் சொல்லு கண்ணு, நீ எது?”

விரல் நகர்ந்து நகர்ந்து ஐந்தாவது முகத்தில் நின்றது. உடனே தாளை அக்காவிடமே நீட்டினாள்.

“திருப்பிக் குடுத்துடணுமா?”

டாக்டர் சுவரைப் பார்த்தார். அக்கா குறிப்புத் தாளில் ஐந்து என்று எழுதினார். அழுத்திய அழுத்தில் அது கிழிந்துவிட்டது. ஸ்டிக்கர்களைத் திரும்ப அவள் மடியிலேயே வைத்தார், காற்றுக் குழாயைக் கையில் எடுத்தார்.

“டாக்டர், கால் மணி நேரம் வெளிய இருங்க.”