மருதாயி கிழிக்காத கார்டு

மருதாயிக்கு வயது எழுபத்தொன்று. தா.பழூர் பக்கம் ஒரு தெற்குத் தெரு. நடவு, களையெடுப்பு, அறுப்பு. வேலை வரலாறு அவ்வளவுதான். எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு ஒழுங்காகச் சந்தா கட்டியவர். கூட்டத்தில் ஒழுங்காகத் தூங்கியவர்.

போன ஆண்டு சங்கத்தின் மூலம் அவருடைய மனைக்குப் பட்டா கேட்டோம். முப்பது வருஷமாக அங்கேயே குடியிருந்ததற்குக் காகிதம் வேண்டும் என்றார்கள். பெட்டியிலிருந்த பழைய ரேஷன் கார்டைக் கொள்ளிடத்து வெள்ளம் கொண்டுபோயிருந்தது. காகிதம் இல்லையென்றால் மனை இல்லை.

"கம்பியில கார்டு குத்தி வச்சிருக்கேன். பாருங்க தோழரே."

முப்பத்தொரு அஞ்சலட்டைகள். எல்லாம் செட்டிகுளத்திலிருந்து அண்ணன் செல்லதுரை ஆள் வைத்து எழுதியவை. ஆடு இரண்டு குட்டி போட்டது. சின்ன வெங்காயம் அழுகிவிட்டது. மச்சானுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? ஒரு வருஷம் முழுக்க மழை இல்லை என்பது மட்டும்.

ஒன்றும் உதவாது. அந்தக் காலத்தில் தபால்காரர் தெற்குத் தெருவுக்கு வரமாட்டார். முப்பத்தொன்றிலும் மேலத்தெரு மிராசு வீட்டு முகவரிதான்.

"உங்க வூட்டு விலாசத்துக்கு ஒண்ணுகூட வரலையாக்கா?"

"வந்துச்சு. அண்ணன் கருமாதிக் காயிதம். தபால்காரரு தெருமுனையில நின்னு கூப்பிட்டுக் குடுத்தாரு. அதை அடுத்தவன் வூட்டுக்கு அனுப்புனா அடிக்க வரமாட்டான்?"

கருமாதிக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட வேண்டும். வீட்டுக்குள் வைக்கக் கூடாது. எனவே கதை முடிந்தது என்று எழுந்தேன். மருதாயி வெளியே போய், மாட்டுக்கொட்டகைக் கூரை இறவாணத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை உருவினார். உள்ளே ஒரு கார்டு. மூலைகளில் கறுப்பு மை. 1988 முத்திரை. 'தெற்குத் தெரு, மாரியம்மன் கோயில் எதிர்வீடு.'

"ஏன் கிழிக்கல?"

"எனக்கு எழுத்து தெரியாது. பக்கத்து வூட்டு ராசாங்கம் படிச்சான். குடிச்சிருந்தான். இன்னொரு ஆளு படிக்கட்டும்னு சொருகி வச்சேன்."

"கருமாதிக்குப் போனீங்கள்ல?"

"போனேன். எல்லாரும் இருந்தாங்க. அண்ணனைத்தான் காணல. அப்புறம் யாருகிட்டயும் நீட்டல."

தாலுகா ஆபீஸ் படியில் மருதாயி நின்றுகொண்டார். அந்தக் கார்டோடு உள்ளே வரமாட்டாராம்.

"ஆபீசருக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல."

"இதெல்லாம் மூடநம்பிக்கைக்கா."

"அப்ப உங்க வூட்டுல ஒரு வாரம் வச்சிருந்து குடுங்க."

நான் உள்ளே போய் ஆபீசரை வெளியே கூப்பிட்டேன். நல்ல மனிதர். வேப்பமரத்தடியில் நின்று முத்திரையைப் பார்த்தார், முகவரியைப் பார்த்தார், போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்தார். பிறகு வரி விடாமல் உரக்கப் படித்தார்.

"இது போதும்மா. பட்டாவுக்கு எழுதிடுறேன்."

"அது கெடக்கட்டும் சார். சேதி சரியா?"

"சரிதாம்மா. உங்க அண்ணன் தவறிட்டாரு."

மருதாயி கார்டை வாங்கி நான்காகக் கிழித்து ரோட்டோரம் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார், கைநாட்டு வைக்க.